பெரியப்பா முன்பே கேட்டிருந்த பாட்டு

செய்த காரியத்தைச் செய்தேன் என்று சொன்னதற்காக நான் ஒருமுறை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பதினோரு வயது. சிங்கப்பூரில், கிளமெண்டியில் பெரியப்பாவின் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, பிரியாணித் தட்டுகளோடு நின்றிருந்த உறவினர் கூட்டத்தின் நடுவில், "சாரி பெரியப்பா" என்று சொன்னேன். பதின்மூன்று வருடங்கள் ஆகிவிட்டன. இதை எழுத உட்காரும்போதுகூடக் காது சூடாகிறது.

நான் செய்தது ஒரு பாட்டு. வாயால் பாடுகிற பாட்டு இல்லை. பழைய வீடியோ கேம்களில் கீச்சுக் கீச்சென்று வருமே, அந்த மாதிரி இசை.

நாங்கள் அப்போது பூன் லேயில் இருந்தோம். அப்பாவுக்கு ஜூரோங்கில் ஷிப்ட் வேலை. அம்மா தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அம்மாவின் தம்பியும், அதாவது என் மாமாவும், சில வருடங்களுக்கு முன் வேலைக்கு வந்திருந்தார். கட்டடங்களுக்கு மின்சார வேலை எடுத்துச் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வயரிங் பார்த்தார். அதன் முதலாளி பெரியப்பாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லித்தான் மாமாவுக்கு அந்த வேலை கிடைத்தது. பெரியப்பா அதை ஒருபோதும் சொல்லிக் காட்டியதில்லை. பார்க்கும்போதெல்லாம், "என்ன தம்பி, வேலை எல்லாம் எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்பார். மாமா உடனே உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து பதில் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஒருமுறை, ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு லேப்டாப்பை எனக்குக் கொண்டுவந்தார். மூடியில் விரிசல் இருந்தது. பேட்டரி செத்துவிட்டதால் எந்நேரமும் சுவரோடு ஒட்டியே இருக்க வேண்டும். அதில் இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருளைப் போட்டிருந்தார். டிராக்கர் என்று அதற்குப் பெயர். சிறுவயதில் கேம் விளையாட ஆசைப்பட்டு, அடுத்த வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு நின்றுபோனவர் மாமா. அதனால் கேமின் இசையையாவது பிடித்துக் கொடுத்தார் போலும்.

அதைத் திறந்தால் கறுப்புத் திரையில் நான்கு நெடுவரிசைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு குரல். முதல் இரண்டும் கூர்மையாகக் கத்தும். மூன்றாவது அடித்தொண்டையில் முனகும். நான்காவதற்கு வெறும் இரைச்சல் மட்டுமே தெரியும். அதை வெட்டி வெட்டித்தான் தாளம் செய்ய வேண்டும். எந்த வரியில் எந்தச் சுரம், எவ்வளவு சத்தம், வழுக்க வேண்டுமா, நடுங்க வேண்டுமா என்பதையெல்லாம் எழுத்தும் எண்ணுமாக ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். பிறகு திரை மேலிருந்து கீழே ஓடும், இசை வரும். ஒரு நிமிடப் பாட்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டங்கள். கணினி நமக்காக எதையும் செய்துவிடாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் மாத விடுமுறை முழுவதும் அதிலேயே போனது. இரைச்சலை அறுபது எழுபது விதமாக வெட்டிப் பார்த்து, ஒரு வழியாக உறுமி மாதிரி ஒன்றை வரவழைத்தேன். பஸ்ஸில் ஏறும்போது கார்டைத் தட்டினால் ஒரு சத்தம் வருமல்லவா? அதே சத்தத்தை முதல் குரலில் பிடித்து, எட்டு வரிக்கு ஒருமுறை வைத்தேன். அது எனக்கே ரொம்பப் பிடித்த இடம்.

அம்மாவுக்குக் கணினி தெரியாது. ஆனால் காது உண்டு. சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பார்.

"பாப்பா, அந்த ரெண்டாவது இழுவை பத்தலடி. இன்னும் கொஞ்சம் வழுக்கி இறங்கணும்."

நான் ஒரு எண்ணை மாற்றுவேன்.

"இப்ப?"

"இப்ப ரொம்ப இறங்கிடுச்சு. கிணத்துல விழுந்த மாதிரி இருக்கு."

மறுபடி மாற்றுவேன். "ம்ம்" என்பார். அந்த ஒரு "ம்ம்" கிடைக்க ஒரு மதியம் பிடித்த நாளும் உண்டு. ஆக, அந்தப் பாட்டை யார் செய்தது என்று உலகத்தில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பேருக்கு ஐயமில்லாமல் தெரியும். மாமாவுக்கும் அம்மாவுக்கும்.

விடுமுறை முடிகிற சமயத்தில் பெரியப்பா மகளுக்கு, என் அக்காவுக்கு, இருபத்தொன்றாவது பிறந்தநாள் வந்தது. புளோக்குக்குக் கீழே மேசைகள் போட்டு, பலூன் கட்டி, வாடகைக்குப் பெரிய ஸ்பீக்கர் எடுத்திருந்தார்கள். மாமாவின் முதலாளியும் வந்திருந்தார். அக்காவுக்குக் காட்டலாமென்று நான் லேப்டாப்பையும் அதன் வயரையும் பள்ளிப் பையில் தூக்கிக்கொண்டு போயிருந்தேன்.

கேக் வெட்டி முடித்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமா தன் கைபேசியை ஸ்பீக்கரோடு இணைத்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பினார்.

"அத்தான், இது என்னன்னு சொல்லுங்க பாப்போம். ஜப்பான்காரன் போட்ட பழைய கேம் மியூசிக். அந்தக் காலத்துல சிங்கப்பூர்ல ரொம்ப பேமஸாம்."

அவருக்கு நான் அனுப்பியிருந்த என் பாட்டு தொடங்கியது.

அதுவரை அதை லேப்டாப்பின் குட்டி ஸ்பீக்கரில்தான் கேட்டிருந்தேன். இங்கே மூன்றாவது குரலின் முனகல் மேசையில் இருந்த தட்டுகளை அதிரவைத்தது. உறுமி வந்ததும் குழந்தைகள் இரண்டு பேர் குதிக்க ஆரம்பித்தார்கள். மாமாவின் திட்டம் எனக்குப் புரிந்துவிட்டது. சின்னப் பெண் செய்தது என்று முதலிலேயே சொன்னால், காது கொடுக்காமலே "வெரி குட்" என்று சொல்லிவிட்டு மட்டனைக் கடிப்பார்கள். முதலில் கேட்கட்டும், ரசிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்திருக்கிறார்.

பெரியப்பா கையை உயர்த்தினார்.

"அட, இது எனக்குத் தெரியும்லா! பட்டாளத்துல என்எஸ் பண்ணப்ப, கேம்ப்லேருந்து வர்ற வழியில ஒரு ஆர்கேட் கேம் கடை இருந்துச்சு. மூணாவது மெஷின்ல இதான் ஓடும்!"

"ஆமாலா, ஒரு கப்பல் சுட்டுக்கிட்டே போகும்," என்றார் முதலாளி.

"கப்பல் இல்ல, பிளேன்."

"கப்பல்லா! எத்தனை காசு போட்டிருக்கேன் அதுல!"

நான் போன செவ்வாய்க்கிழமை முடித்த பாட்டுக்குள் கப்பலா விமானமா என்று இரண்டு பெரிய மனிதர்கள் வாதாடினார்கள். சுற்றி நின்றவர்கள் ரசித்துக் கேட்டார்கள். ஒரு சித்தப்பாவுக்கும் லேசாக ஞாபகம் வந்துவிட்டது. நான் மாமாவைப் பார்த்தேன். இதுதான் சொல்ல வேண்டிய நேரம். மாமா சொல்லவில்லை. அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறிவிட்டன.

நானே சொன்னேன். "பெரியப்பா, அது நான் செஞ்சது."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா என் தலையைத் தட்டி, "ஏய், சும்மா அளக்காதே லா," என்றார். பெரியப்பாவும் சிரித்தார். "செஞ்சதுன்னா? டவுன்லோட் செஞ்சியா?"

"இல்ல. நானே போட்டது. மாமாவைக் கேளுங்க."

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆமா அத்தான். நான்தான் சும்மா விளையாட்டுக்கு அப்படிச் சொன்னேன். பாப்பாதான் செஞ்சுது."

பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. "அப்ப நான் கேட்டேன்னு சொன்னது பொய்யா, தம்பி? இவரு கேட்டதும் பொய்யா?" முதலாளி தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயோ, அப்படி இல்ல அத்தான்..." மாமா முதலாளியை ஒருமுறை பார்த்தார். "அதே மாதிரி ஒண்ணு இருந்திருக்கும். அதைக் கேட்டுப் பாப்பா போட்டிருக்கும்."

பாப்பா கேட்டுப் போட்டிருக்குமாம்! நான் பிறப்பதற்கு முன்னாலேயே மூடிப்போன கடையில், மூன்றாவது மெஷினில் ஓடியதை!

தூணில் பிளக் இருந்தது. லேப்டாப்பை எடுத்து, மேசையில் தட்டுகளை நகர்த்தி வைத்துத் திறந்தேன். ஆயிரக்கணக்கான வரிகளும் மேலிருந்து கீழே ஓடின. இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா என்று நினைத்தேன். பெரியப்பா கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார்.

"வெறும் நம்பரா இருக்கு. இதையும்தான் டவுன்லோட் பண்ணலாம்."

"இந்த இடத்தைக் கேளுங்க பெரியப்பா. இது பஸ் கார்டு தட்டுற சத்தம். நீங்க என்எஸ் பண்ணப்ப பஸ் கார்டே இல்லையே!"

எனக்கு அது பதிலே சொல்ல முடியாத வாதமாகத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் பதில் வந்தது.

"எல்லா பீப்பும் பீப்புதான்." பிறகு அவர் அப்பாவிடம் திரும்பினார். "தம்பி, பிள்ளைக்கு இப்பவே அடுத்தவன் பொருளைத் தன்னோடதுன்னு சொல்ற பழக்கம் வந்துடுச்சு. பெரியவங்ககிட்ட எதுத்துப் பேசுது. பாத்துக்க."

அப்பா ஷிப்ட் வேலைக்காரர். நான் பகலில் என்ன செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அவர் மேல் எனக்கு அவ்வளவாகக் கோபமில்லை. அவர் என் தோளில் கைவைத்து, "பெரியப்பாகிட்ட சாரி சொல்லிடும்மா," என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா பத்தடி தள்ளி, கையில் பாயாசக் கிண்ணங்கள் அடுக்கிய தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். 'அவள்தான் செய்தாள், நான் கூடவே இருந்தேன்' என்று சொன்னால் போதும். அந்த இழுவையைச் சரிசெய்ததே அவர்தானே! நான் காத்திருந்தேன். அம்மா மாமாவைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார். கடைசியாகத்தான் என்னைப் பார்த்தார்.

"சொல்லு பாப்பா. சாரி சொல்லு."

சொன்னேன். பெரியப்பா உடனே பெருந்தன்மையாக என் கன்னத்தைத் தட்டி, "குட் கேர்ள். இனிமே பொய் சொல்லக்கூடாது, என்ன?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். யாரோ ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு போட்டார்கள். அம்மா எனக்குப் பாயாசம் கொண்டுவந்தார். நான் வாங்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் அம்மா பக்கத்தில் உட்காராமல் அடுத்த கதவுக்கு அருகில் போய் நின்றேன். அம்மா அழைக்கவில்லை. மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. மூன்றாவது வாரம் புது ஹெட்போன் ஒன்று வாங்கி வந்து, "கோவமா கண்ணு?" என்று கேட்டார். அதை அவர் கண் முன்னாலேயே மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். நன்றாகச் சாத்தினேன்.

இதற்குமேல் ஒரு கொடுமையும் நடந்தது. பெரியப்பா மாமாவுக்குப் போன் பண்ணி, "அந்த கேம் மியூசிக்கை எனக்கு அனுப்பு தம்பி," என்று கேட்டு வாங்கித் தன் கைபேசிக்கு அழைப்பொலியாக வைத்துக்கொண்டார். ஏழெட்டு வருடம் அதுதான். தீபாவளிக்குப் போனாலும் சரி, யார் கல்யாணத்துக்குப் போனாலும் சரி, அவர் சட்டைப் பையிலிருந்து என் உறுமி ஒலிக்கும். "என்எஸ் காலத்துப் பாட்டு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனை எடுப்பார். நான் எழுந்து வெளியே போய்விடுவேன். வளர்கிற பெண், கூச்சப்படுகிறாள் என்றார்கள்.

போன வருடம் தீபாவளிக்கு முந்தைய வாரம், தேக்கா சந்தையில் அம்மாவோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். எப்படி வாய் வந்ததென்று தெரியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏம்மா நீங்க ஒரு வார்த்தை பேசல?"

என்றைக்கு என்று அம்மா கேட்கவில்லை. கையிலிருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார்.

"உன் மாமாவுக்கு அந்த மாசம் வேலை பாஸ் முடியுது. கம்பெனிக்காரர் புதுப்பிச்சுக் குடுத்தாதான் உண்டு. குடுக்கலன்னா பொட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊர்ல எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. இங்க நான் வாயைத் திறந்து, எங்க வீட்டுப் பையன் உங்க ரெண்டு பேரையும் அத்தனை பேர் முன்னாடி முட்டாளாக்கிட்டான்னு நிரூபிக்கணுமா?"

நான் அந்த முருங்கைக்காயை எடுத்துக் கூடையில் போட்டேன்.

"நீ சின்னப் பொண்ணு. ஒரு வாரத்துல மறந்துடுவேன்னு நெனச்சேன் லா," என்றார் அம்மா. "ஆனா அன்னைக்கு ரயில்ல நீ தள்ளிப் போய் நின்னியே, அப்பவே தெரிஞ்சிடுச்சு, மறக்கமாட்டேன்னு."

பின்னால் நின்ற ஒருவர் தள்ளிக்கொண்டு கைநீட்டினார். நாங்கள் நகர்ந்தோம்.

காரணம் தெரிந்தால் கோபம் அடங்கும் என்பார்கள். எனக்கு அடங்கவில்லை, கூடித்தான் போயிருக்கிறது. ஒரு மனிதன் இந்த ஊரில் இருப்பதும் போவதும், பிறந்தநாள் விருந்தில் இன்னொரு மனிதனின் முகம் கோணாமல் இருப்பதைப் பொறுத்தது என்பதை இன்றும் என்னால் சகிக்க முடியவில்லை. ஆனால் பதினோரு வயதில், பிளக்கில் செருகிய லேப்டாப்போடு நின்றபோது, கேள்வி, பாட்டை யார் செய்தார்கள் என்பதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவே இல்லை என்பதும், பாயாசத் தட்டோடு நின்ற அம்மா அந்த ஒரு நிமிடத்தில் தன் தம்பியையும் என்னையும் தராசின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.