முனி அடித்தது என்று சொன்னோம்

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் எழுதுகிறாள். நினைவு மலரில் தம்பியை ‘அவர்’ என்றுதான் போட வேண்டுமாம். நான் தூக்கி வளர்த்தவன், எனக்கு அவன்தான். சொந்தபந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விளாங்குடிக்கு மேற்கே, இப்போது வீட்டுமனையாகிவிட்ட வயல்காட்டில் பிறந்தோம். தம்பிக்கு நாலு வயது இருக்கும்போது உச்சிவெயிலில் அப்பா வரப்பில் விழுந்தார். நான் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பித்தளைத் தூக்குவாளி, மூடி லேசில் வராது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அப்பா நெஞ்சைப் பிடித்தார். “முதுகு கிழியுதுடா” என்றார். அதோடு சரி. முனி அடித்துவிட்டது என்றது ஊர். பிறகு சித்தப்பா கிணற்றடியில் அதேபோல் போனார். அதுவும் முனிதான் என்றோம்.

தம்பி மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முப்பது வருடம் மூட்டை இறக்கினான். பூ மூட்டை கனக்காது என்று நினைப்பீர்கள். ஈரச்சாக்கோடு தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். உங்களில் பல பேர் வீட்டு விசேஷத்துக்கு அவன்தான் பூ கொண்டுவந்திருப்பான். யாரையும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை.

ஒரு நாள் முதுகுவலி என்றான். டாக்டரிடம் கூட்டிப்போனேன். “குடும்பத்துல யாருக்காவது நெஞ்சு வியாதி இருந்துச்சா?” என்று கேட்டார். தம்பி வாய் திறக்கும் முன் நான் சொன்னேன்: “எங்க வம்சத்துலயே கெடையாது சார்.” மாத்திரையோடு திரும்பினோம்.

ஒரு மாதத்தில் விழுந்தான். நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாய் உப்பி, உள்ளே கிழிந்துவிட்டது என்றார்கள். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்து பிழைக்கவைத்தார்கள்.

வார்டில் ஒரு டாக்டரம்மா நோட்டோடு வந்தார். இந்த வியாதியை ஆராய்ச்சி செய்கிறவர்.

“ஐயா, உங்க அப்பா எப்படி இறந்தாரு?”

“முனி அடிச்சுருச்சு தாயி.”

அவர் சிரிக்கவில்லை. “அப்ப அவரு எங்க கையை வச்சுப் புடிச்சாரு?”

சொன்னேன். சித்தப்பாவையும் சொன்னேன். பேனா நின்றது. தம்பி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

“ஏண்ணே, ஆபரேஷன் பண்ணி எடுத்தது முனியவா?” என்றான். தையல் வலிக்க அவனே சிரித்தான்.

டாக்டரம்மா எங்கள் குடும்பத்தைக் கட்டம் கட்டமாக வரைந்தார். அப்பா, சித்தப்பா, தம்பி, மூன்று கட்டத்தையும் பேனாவால் கருப்பாக்கினார். ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டார். “இதனால உங்களுக்குப் பலன் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். பின்னால வர்றவங்களுக்கு ஆகலாம்” என்றார். “எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க. எங்க வீட்டுப் பயலுகளுக்கு ஆகட்டும்” என்று தம்பி கையெழுத்துப் போட்டான். எட்டு மாதம் இருந்தான். பிறகு அதே குழாய் வயிற்றுப் பக்கம் கிழிந்தது, போய்விட்டான்.

தம்பி மகனைச் சோதித்ததில் குழாய் லேசாக விரிந்திருக்கிறது. கனம் தூக்கக்கூடாது, மாத்திரை உண்டு. முன்கூட்டியே தெரிந்ததால் காப்பாற்றலாம் என்கிறார்கள். என் மகன் மட்டும் சோதனைக்கு வர மாட்டேன் என்றான். “மொதல்ல நீங்க போங்கப்பா, அப்புறம் நான் போறேன்.”

ஒரு வருடமாகச் சாக்குச் சொல்லி வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து முதுகு பிடித்தாலும் வரப்பு ஞாபகம் வருகிறது. தெரியாமலே இருந்துவிடலாமே என்று இருந்தது. நான் தெரியாமல் இருந்தால் அவனும் தெரியாமல் இருப்பான். அதுதான் இப்போது என் பயம்.

தம்பிக்கு ரத்தம் கொடுத்த பூ மார்க்கெட் பிள்ளைகளுக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு கிடந்த ஒத்தக்கடை சம்பந்தி வீட்டாருக்கும், டாக்டரம்மாவுக்கும் கைகூப்புகிறேன்.

இதைப் படிக்கும் சொந்தங்களே, டாக்டர் கேட்டால் என்னைப்போல் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். முனி அடித்ததைச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் என் கட்டம் இன்னும் வெள்ளையாக இருக்கிறது. வியாழக்கிழமை ஸ்கேனுக்குப் போகிறேன். என் மகன் கூட வருகிறான்.