குரங்கணிக்கு வழிவிட்ட மஞ்சள் நிறம்

மூன்று வருடமாக என் மகள் நஸ்ரின் கேட்டது ஒன்றுதான். "அத்தா, குரங்கணி மலையில கொஞ்ச தூரமாவது நடக்கணும்." போன மாதம்தான் டாக்டர் சரி என்றார். திண்டுக்கல் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் போடியில் லாட்ஜ் எடுத்தோம். வாடகை தொள்ளாயிரம்.

அவள் வியாதியை, பத்தாம் வகுப்பில் கோட்டை விட்ட எனக்கு விளங்கிய வரை சொல்கிறேன். கிருமியை அடிக்க வேண்டிய ஆன்டிபாடி, ஆள் தெரியாமல் அவளுடைய வெள்ளை அணுக்களையே உசுப்பிவிட்டது. அவை பொடி ரத்தக் குழாய்களைப் புண்ணாக்கின. சிறுநீரகமும் மாட்டிக்கொண்டது. இப்போது மருந்தில் அடங்கியிருக்கிறது. மறுபடி தலைதூக்கினால் சிறுநீரில் தெரியும் என்பதால், வாரம் ஒருமுறை பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பார்ப்போம். மஞ்சள் என்றால் நிம்மதி. பச்சை என்றால் நேரே ஆஸ்பத்திரி, மலை கிடையாது.

ஞாயிறு காலை ஆறே முக்காலுக்கு பாத்ரூமில் பட்டையைப் பார்த்தேன். பச்சை! பையைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"அத்தா, சுவரும் பச்சை, லைட்டும் ஒரு மாதிரி. வெளிச்சத்துல பாப்போம்" என்று புதுப் பட்டையை நனைத்துக் கொடுத்தாள். ஒரு நிமிடம் தாண்டினால் நிறத்தை நம்ப முடியாது. கைலியோடு மாடிப்படியில் பாய்ந்து ரோட்டுக்கு வந்தேன்.

"என்ன பாய், வெரசா ஓடி வர்றீக? கையில என்ன?" என்றார் டீக்கடைக்காரர்.

"எம் மக மூத்திரம்ணே. இது மஞ்சளா, பச்சையா?"

"சுத்த மஞ்சளு. கொஞ்சம் தள்ளி நில்லுங்க பாய், பாலு இருக்கு!"

பின்னாலேயே வந்த நஸ்ரின் டப்பாவில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுத் தலையாட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. மலை நடைக் கதையை டீக்கடைக்காரரிடம் கொட்டிவிட்டேன்.

குரங்கணிக்குப் பதினாறு கிலோமீட்டர். ஜீப்பில் தலைக்கு ஐம்பது, முக்கால் மணி நேரம். நஸ்ரின் மாஸ்க் போட்டிருந்ததைப் பார்த்து விசாரித்த டிரைவரிடம் வியாதியைச் சொன்னேன்.

"ஒடம்பே ஒடம்ப அடிக்குமாண்ணே?" என்றார் டிரைவர்.

"எஸ்டேட்டு காவல் நாயி மொதலாளியவே கடிச்ச மாதிரி, தம்பி. மருந்து குடுத்துப் படுக்கவச்சிருக்கு. கள்ளன் வந்தாலும் குலைக்காது, அதான் மாஸ்க்கு."

எஸ்டேட் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் ஏறினோம். ஏறினோம் என்பது பெருமைப் பேச்சு. அவள் ஏறினாள், நான் வளைவுக்கு வளைவு உட்கார்ந்தேன். ஏலக்காய் வாசனையில் நின்று திரும்பினாள்.

"அத்தா, உங்களுக்கு ஒரு பட்டை நனைக்கவா?"

இதே வியாதியோடு வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். காட்டுப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும். பட்டையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

சாயங்காலம் போடிக்குத் திரும்பியதும் டீக்கடைக்காரர், "மக நடந்துச்சா பாய்?" என்றார்.

"என்னையவிட நல்லா நடந்துச்சுண்ணே."

காசு வாங்காமல் இரண்டு டீ நீட்டினார். என்னைக் கை கழுவ வைத்த பிறகுதான்.