பத்து எண்ணும் புருஷோத்தமன்

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் புருஷோத்தமன் எல்லோரையும் விசாரிப்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார். "இன்னா தசரதா, தூக்கம் இல்லியா? எப்டி இருக்கும், கொழந்தைக்குப் பல்லு மொளைக்குதுல்ல." தசரதன் தலையாட்டுவதோடு சரி. புருஷோத்தமன் கார் கதவுகளுக்கு ரப்பர் பொருத்தும் லைனில் பதினோரு வருடமாக வேலை செய்கிறார். அங்கே இரைச்சலில் பேச முடியாது. அந்தப் பாக்கியையெல்லாம் பஸ்ஸில் தீர்த்துக்கொள்வார்.

பென்னலூரில் அவர் எனக்கு அடுத்த வீடு. மகள் கலைமதிக்கு ஒன்பது வயது. வீட்டுக்குள் அப்பாவையே மிஞ்சிவிடுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு வார்த்தை வராது. போன ஜூனில் பள்ளி திறந்ததும் தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். பிறகு மூன்று வாரம் பள்ளிக்கே போகவில்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது குரல் எழும்பாமல் போனால் எல்லோரும் சிரிப்பார்கள் என்ற பயம்தான் வலியாக வருகிறது என்றார் குழந்தை மருத்துவர். ஆன்லைனில் சிகிச்சை தரும் உளவியலாளர் சந்திரலேகாவின் எண்ணைக் கொடுத்தார்.

முதல் சனிக்கிழமை, செல்போன் திரையிலிருந்து சந்திரலேகா கலைமதியிடம் கேட்ட ஏழு கேள்விக்கும் புருஷோத்தமனே பதில் சொன்னார். எட்டாவதாக அவரிடமே பேசினார் அந்த அம்மா. "சார், நீங்களே பேசிட்டா அவளுக்குப் பயம் எப்படிப் போகும்? அவகிட்ட யாராவது கேட்டா, நீங்க மனசுக்குள்ள பத்து எண்ணுங்க."

"கொழந்தைக்கு டிரீட்மென்ட்டுன்னு போன் போட்டா, என் வாயைப் பூட்டுறாங்க சார்" என்று என்னிடம் குறைப்பட்டார்.

பயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து நோட்டில் எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு படியிலும் நிஜமாக எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கலைமதி எண்ணி எழுத வேண்டும். முதல் படி, என்னிடம் வந்து தன் பெயரைச் சொல்வது. வந்தாள். வாயைத் திறந்தாள். நான் காத்திருந்தேன். பின்னால் நின்ற புருஷோத்தமன் ஆறு வரை எண்ணியிருப்பார். "கலைமதி சார், என் பொண்ணு" என்றார். எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்த சனிக்கிழமை கலைமதியே இதைச் சந்திரலேகாவிடம் புகாராகச் சொன்னாள். மறுநாள் மறுபடி வந்தார்கள். புருஷோத்தமன் கேட்டுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "கலைமதி" என்றாள் அவள். நான் சிரிக்கவில்லை. பூஜ்யம் என்று எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்டில் அரை நாள், பிறகு முழு நாள் என்று பள்ளிக்குப் போனாள். செப்டம்பரில் ஒருநாள் "உள்ளேன் மிஸ்" வந்தது. நோட்டில் 'சிரித்தவர்: ஒருவர்' என்று எழுதி, பக்கத்திலேயே 'அவன் எப்பவும் சிரிப்பான்' என்று சேர்த்திருந்தாள். அவள் அம்மா எழிலரசி அந்தப் பக்கத்தை என் மனைவியிடம் கொண்டுவந்து காட்டினாள்.

நேற்று சாயங்காலம் யாக்கோபு பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் வந்தார்கள். "உனக்குக் கேக்கு, எனக்கு உப்பு பிஸ்கட்டு" என்று மகளிடம் காசைக் கொடுத்துவிட்டு அவர் ரோட்டோரம் ஒதுங்கினார்.

"இன்னா வேணும் பாப்பா?" என்றார் யாக்கோபு.

புருஷோத்தமனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பத்தைத் தாண்டி இருபதுக்கே போயிருப்பார். கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போனது.

"கிரீம் பன்னு" என்றாள் கலைமதி. "ரெண்டு."

யாக்கோபு அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அண்ணே, நீ கிரீம் துன்ன மாட்டியே?"

புருஷோத்தமன் மகள் கையிலிருந்து ஒரு பன்னை வாங்கி, மீசையெல்லாம் கிரீம் ஒட்ட, பாதியை ஒரே கடியாகக் கடித்தார்.