நாலாம் மாடிக்குப் போன ஷூ

சிவப்பு விளக்கு விழுந்துவிட்டது. பஸ், கார், பைக் எல்லாம் நிற்கின்றன. டக்டக் அக்காவும் நிற்கிறாள். ஆனால் காலைத் தரையில் ஊன்றவில்லை! முன்சக்கரத்தை லேசாக ஒடித்து, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி, சைக்கிளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். முதுகில் ஐஸ் பெட்டி. அதற்குள் யார் யாருடைய ரத்தமோ குழாய் குழாயாக. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோவதுதான் அவள் வேலை. பக்கத்துக் காரிலிருந்து ஒருவர், "பாத்தும்மா, விழுந்துறப் போறே" என்கிறார்.

"விழுந்தா நீங்களா தூக்கப் போறீங்க? கண்ணாடிய ஏத்துங்க சார், ஏசி வீணாப் போகுது."

விழமாட்டாள். விழவேண்டியதை ஷூ வாங்கிய முதல் நாளே விழுந்து முடித்துவிட்டாள். அந்த ஷூவின் அடியில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. பெடலில் வைத்து மிதித்தால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்; 'டக்டக் அக்கா' என்ற பெயரே அதனால்தான். குதிகாலை வெளியே திருப்பினால் விடும். அன்றைக்குத் திருப்ப மறந்துபோய், சைக்கிளோடு வெட்டிய மரம் மாதிரி சாய்ந்தாள். அப்போதும் பெட்டி அடிபடாமல் புரண்டு, முழங்கையைத்தான் தரைக்குக் கொடுத்தாள்.

ஆசைக்கு வாங்கிய ஷூ இல்லை அது. முன்பு கான்வாஸ் ஷூதான். ஒரு மழை நாளில் கால் வழுக்கி, பெடலின் பல் முழங்காலுக்குக் கீழே சதையைக் கிழித்துவிட்டது. தையல் போட்ட டாக்டரம்மா, "ஒழுங்கா ஒரு ஷூ வாங்கு, இல்ல வேற வேலையப் பாரு" என்று திட்டினார். கடையில் இரண்டு வகை காட்டினார்கள். ஒன்று பந்தயக்காரர்கள் போடுவது, வழவழ அடி, கொக்கி வெளியே துருத்திக்கொண்டிருக்கும், நாலடி நடக்க முடியாது. இன்னொன்றில் கொக்கி ரப்பர் பற்களுக்கு நடுவே பதுங்கியிருக்கும். அவள் கேட்டது ஒரே கேள்வி: "இதப் போட்டுக்கிட்டு மூணு மாடி ஏறலாமா?" கிளினிக்குகள் எல்லாம் மாடியில், லிஃப்ட் எல்லாம் ரிப்பேரில்.

நடக்கிற வகையை வாங்கினாள். அதுதான் தப்பாகப் போயிற்று!

வருமான வரிக் கணக்கில் வேலைச் சாமான்கள் வாங்கிய செலவைக் கழித்துக்கொள்ளலாம். பெட்டி, ஹெல்மெட், மழைக்கோட்டு எல்லாவற்றையும் வரி ஆபீஸ் ஒப்புக்கொண்டது. ஷூவை மட்டும் தள்ளிவிட்டது. நடக்கக்கூடிய காலணியாம், ஆகவே சொந்த உபயோகமாம். அதிகாரிக்குப் போன் போட்டாள்.

"சார், நடக்க முடியாததா வாங்கியிருந்தா?"

"அது விளையாட்டுச் சாமான்ல வரும்மா."

"நடந்தா செருப்பு, நடக்காட்டி விளையாட்டு! அப்ப நான் எத மாட்டிக்கிட்டு மிதிக்கறது, உங்க ரூல் புக்கையா?"

போன் வைக்கப்பட்டது. சோதனைக்கூடக் கம்பெனியில், ஷூ வேலைக்குத்தான் என்று ஒரு கடிதம் கேட்டாள். "நீங்க ஊழியர் இல்லீங்களே, எங்க பார்ட்னர்" என்றார்கள். "பார்ட்னரா? அப்ப லாபத்துல என் பங்க எடுத்து வைங்க" என்று இவள் கத்திய கத்தலில் வரவேற்பறையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அன்று அவளுடைய சொந்த அக்கா வீட்டில் சாப்பாடு. அக்காவின் கணவர் விற்பனை அதிகாரி. அவருடைய தோல் பையை அதே வரி ஆபீஸ் மறுபேச்சில்லாமல் வேலைச் சாமானாக ஏற்றுக்கொண்டிருந்தது. "விடு மச்சினி, ஒரு ஷூவுக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

"மாமா, நேத்து அந்தப் பையில என்ன கொண்டு வந்தீங்க?"

மாமா சோற்றைப் பார்த்தார். அக்காதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு கிலோ வெங்காயம்" என்றாள்.

"வெங்காயம் சொமக்கற பை ஆபீஸ் சாமான். ரத்தம் சொமக்கற காலு சொந்த உபயோகம்!" சட்டென்று பேன்ட்டை மேலே சுருட்டித் தழும்பைக் காட்டினாள். "காசு கெடக்கட்டும் மாமா. நான் இத ஷோக்குக்கு வாங்குனேன்னு எழுதியிருக்காங்க. ஷோக்கா இது?" குரல் உடைந்துவிட்டது. மாமா எழுந்துபோய், வரி ஆபீஸுக்கு மேல்முறையீடு எழுதி அவள் கையெழுத்துப் போடப் பேனா எடுத்து வந்தார்.

நேரில் வரச் சொன்னார்கள். பெட்டியை இறக்கி வைத்த கையோடு, வேலைக்கு நடுவே போனாள். வரி ஆபீஸில் புதிதாகப் பளிங்குத் தரை போட்டிருந்தார்கள், முகம் பார்க்கலாம். டக், டக், டக். மூன்றாவது 'டக்'குக்குக் காவலாளி ஓடி வந்தார்.

"ஏம்மா ஏம்மா! இதப் போட்டுக்கிட்டு உள்ள போகக் கூடாது. தரை கீறும். கழட்டு, கழட்டு!"

டக்டக் அக்கா அவரையே பார்த்தாள். "என்னண்ணே சொன்னீங்க?"

"இது நடக்கற ஷூவா? கழட்டும்மா!"

எந்தக் கோபத்துக்கும் அசராதவள், அந்த நிமிடம் அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி. கழற்றினாள். இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, லிஃப்டைத் திரும்பியும் பாராமல், காலுறையோடு நாலு மாடி ஏறினாள். போனில் கேட்ட அதே குரல், மூக்குக் கண்ணாடியோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"ஷூவ ஏன்மா கையில வெச்சிருக்கீங்க?"

"கீழ கழட்டச் சொல்லிட்டாங்க சார். இது நடக்கற ஷூ இல்லையாம். தரை கீறுமாம்."

"அது... அது கட்டட விதி. நம்ம விதி வேற."

ஷூ இரண்டையும் கொக்கி கீழே இருக்கும்படி அவருடைய கண்ணாடி மேஜைமேல் வைத்து, அவர் பக்கமாக மெல்லத் தள்ளினாள்.

"ஐயோ, கண்ணாடி கீறும்மா! எடுங்க, எடுங்க!"

எடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. அந்தக் கால்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, நாற்காலிமேல் நிதானமாகச் சம்மணம் போட்டுக்கொண்டாள்.