மூன்றாம் இடத்துக்காக நான் வீசிய துண்டு

நான் ஏமாற்றினேன். ஒரு நாட்டுக்குப் பதக்கம் கிடைக்க வேண்டும் என்பதற்காக, நடுக்கடலில், பட்டப்பகலில் ஏமாற்றினேன்!

எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிவிடுவார்கள். பங்குச் சாமியாரிடம்கூட இதை நான் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் முழந்தாளிட்டு, மனைவியிடம் எரிந்து விழுந்தேன், பூசைக்கு வராமல் தூங்கினேன் என்று சில்லறைப் பாவங்களாக ஒப்பித்துவிட்டு எழுந்து வந்தேன். உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

நான் பாம்பன் தீவுக்காரன், மீன்பிடிப்பவன். பல நாடுகள் கூடிய அந்த விளையாட்டுப் போட்டியில் பாய்ப்படகுப் பந்தயத்தை மட்டும் எங்கள் கடலில் நடத்தினார்கள். கவிழ்ந்தவர்களைத் தூக்கிவிட உள்ளூர்ப் படகுகள் சிலவற்றை அமர்த்தினார்கள். என்னுடையதும் அதில் ஒன்று. மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். போட்டியாளர் எவருக்கும் காற்றைப் பற்றியோ நீரோட்டத்தைப் பற்றியோ வாய் திறக்க மாட்டேன், சைகையும் காட்ட மாட்டேன் என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். படித்துப் பார்த்துத்தான் போட்டேன்!

அந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் மொத்தம் நான்கே பேர். ஓட ஒருவன், பளு தூக்க ஒருவன், பாய்ப்படகு ஓட்ட ஒரு பெண், மூவருக்கும் சேர்த்து ஒரு கிழட்டுப் பயிற்சியாளர். அவர்களது தேசம் பிறந்த நாளிலிருந்து ஒரு பதக்கத்தைக் கண்டதில்லை. ஓட்டக்காரனும் பளு தூக்குபவனும் தோற்ற கையோடு, அந்தப் பெண்ணுக்குக் கைதட்டுவதற்காக ரயிலேறி ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். பளு தூக்குபவன் எங்கள் வள்ளத்தைத் தனியாளாக மணலில் தள்ளிக் காட்டியபோது கரையே விசிலடித்தது. எப்படிப் பிடிக்காமல் போகும் அவர்களை?

அவள் பெயரையும் சொல்ல மாட்டேன். நாங்கள் தங்கச்சி என்று கூப்பிட்டோம். இரண்டே நாளில் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள். ஒருநாள் நால்வரும் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். என் மனைவி பிலோமினா பாறைமீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். "தின்னு தாயி... இம்புட்டூண்டு தின்னா பாய எப்பிடி இழுப்ப?" என்றாள். தங்கச்சிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் தட்டை நீட்டினாள்.

அவளும் மீனவர் மகள். என் தோளில் கிடந்த துண்டு எதற்கு என்று கேட்டாள். மொழிபெயர்க்க வந்திருந்த கீழக்கரைப் பெண் ரஹ்மத்தை வைத்துக்கொண்டு விளக்கினேன். எங்கள் கடலில் காற்று திரும்புவதை முதலில் கண்டவன் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து, காற்று வரும் திசையில் மூன்று முறை வீசுவான். பின்னால் வரும் வள்ளம் யாருடையது என்று பார்ப்பதில்லை. பகையாளிக்கும் வீசத்தான் வேண்டும். தங்கச்சி துள்ளிக் குதித்தாள். அவர்கள் தீவில் துடுப்பைத் தூக்கிக் காட்டுவார்களாம்! அந்த நிமிடம்வரை நான் எந்தத் தவறும் செய்யவில்லை.

கடைசி ஓட்டம். அதில்தான் பதக்கம். தங்கச்சி எட்டாவதாக வந்துகொண்டிருந்தாள். திடீரென்று காற்று செத்தது. பாய்களெல்லாம் தொங்கிவிட்டன. மற்ற படகுகள் கரைப்பக்கம் காற்று கிடைக்கும் என்று ஒதுங்கின.

நான் படகின் முனையில் ஏறி நின்றேன். கிழக்கே, வெகு தொலைவில், தண்ணீர் கறுத்துச் சுருக்கம் விழுந்து வந்தது. கொண்டல் காற்று! தாழ்வான பந்தயப் படகில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது எட்டவே எட்டாது.

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தேன். கிழக்கே மூன்று முறை வீசினேன்.

பழக்கதோஷம், கை தானாக எழுந்துவிட்டது என்று பலநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய்! பழக்கத்தில் செய்பவன் சுற்றுமுற்றும் பார்ப்பானா? நான் பார்த்தேன். என் படகில் இருந்த நடுவர் கடிகாரத்தில் கண் வைத்திருக்கிறார் என்று உறுதிசெய்துகொண்டுதான் வீசினேன்.

தங்கச்சி ஒருத்தி மட்டும் கிழக்கே திரும்பினாள். கொண்டல் வந்து அவள் பாயை நிரப்பியது. ஏழு... ஆறு... ஐந்து... கரையில் பிலோமினா கத்தியது எனக்குக் கேட்டது! மூன்றாவதாக வந்து சேர்ந்தாள். ஒரு தேசத்தின் முதல் பதக்கம்!

அன்றைய கூத்தை எப்படிச் சொல்வேன்! கோயில் பேண்டுக்காரர்கள் யாரும் கூப்பிடாமலே வந்துவிட்டார்கள். வென்றவளின் நாட்டுப் பாட்டு ஒலித்து முடிந்ததும், எங்களுக்கு மட்டும் பாட்டு இல்லையா என்று அந்த நால்வரும் தோளில் கைபோட்டுத் தங்கள் பாட்டைத் தாங்களே பாடினார்கள். எங்கள் ஆட்கள் சொல் தெரியாமலே கூடப் பாடினார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார்! கிழட்டுப் பயிற்சியாளர் ஊருக்குப் பேசிவிட்டு, அங்கே பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள் என்று அழுதார். நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் என் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை. இன்றும் நினைத்தால் சிரிப்பு பொங்குகிறது... வெட்கமாக இல்லையா எனக்கு?

அந்தக் கூச்சலுக்கு அப்பால், ஒரு பெண் தன்னந்தனியாகப் படகைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான்காவதாக வந்தவள். கயிறு சுருட்ட ஆளில்லையே என்று உதவப் போனேன். ரஹ்மத்தும் கூட வந்தாள்.

"பாவம்ண்ணே, இவுக நாட்டுல இருந்து இவ ஒருத்திதான் வந்திருக்கா. அவுகளும் இன்னும் ஒரு பதக்கம்கூட வாங்குனதில்லையாம்" என்றாள் ரஹ்மத்.

எனக்குக் கை நின்றுவிட்டது. அப்படி ஒருத்தி அந்தப் போட்டியில் இருந்ததையே நான் கவனித்திருக்கவில்லை.

அவள் நிமிர்ந்து என்னிடம் ஏதோ கேட்டாள். ரஹ்மத் தமிழில் சொன்னாள்: "அங்கன காத்து வரும்னு அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரிஞ்சுச்சுன்னு கேக்குறாண்ணே. நீங்க கடல்காரராச்சே, ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமாம்."

"யாரு கண்டா! கண்ணு கூர்மையா இருந்திருக்கும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். ஒரு சின்ன நோட்டை எடுத்து எழுதி, ரஹ்மத்திடம் காட்டினாள்.

"கடலைப் பாக்க எனக்கு இன்னும் தெரியல, கத்துக்கணும்னு எழுதியிருக்காண்ணே."

கடலைப் பார்க்க அவளுக்குத் தெரியும்... நன்றாகவே தெரியும்! அவள் பார்த்ததில் ஒரு பிழையும் இல்லை. அதை அவளிடம் சொல்லக்கூடியவன் உலகத்தில் நான் ஒருவன்தான். அந்தக் கயிற்றைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள். வீட்டில் தங்கச்சிக்காக விருந்து வைத்திருந்தார்கள். நான் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.