பிளாட்பாரம் தாண்டி நின்ற பெட்டி

ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலை என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். ரயிலுக்காகத் திட்டு வாங்கும் வேலை என்பது கவுண்டரில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. பெட்டியைக் கட்டிய மகானுபாவன் யாரென்று பயணிக்குத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பது நான் ஒருவன்தான். அதனால் பலகை சீட் உறுத்தினாலும், ஜன்னல் இறங்க மறுத்தாலும், என் கவுண்டரில் இருக்கும் அரைவட்ட ஓட்டை வழியாகத்தான் கை நீளும், கூடவே வாயும் நீளும்.

1991-ல் நான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இருந்தேன். மீட்டர் கேஜ் மின்சார ரயில் காலம். தாம்பரத்துக்குத் தெற்கே கூட்டம் இருக்காது, நிம்மதியாக இருக்கலாம் என்று நம்பி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனவன் நான். போன நேரம், ஒரகடம் பக்கமும் மண்ணூர் பக்கமும் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைக்க ஆரம்பித்திருந்தன. காலை வண்டியில் இறங்குகிறவர்களைக் கம்பெனி வேன்கள் ஸ்டேஷன் வாசலில் காத்திருந்து அள்ளிக்கொண்டு போகும். வேன் கிளம்புவதற்குள் என்னைத் திட்ட வேண்டியவர்கள் திட்டிவிட்டுப் போவார்கள். கவுண்டர், ஜன்னல், கல்லா என்று எதற்காவது பின்னால் உட்கார்ந்து காலம் தள்ளும் சக ஜீவன்களே, இதெல்லாம் உங்களுக்குத்தான் புரியும்.

பெரிதாகிக்கொண்டே போன புகார்

ஸ்டெல்லா என்ற பெண் கூடுவாஞ்சேரியில் இருந்து வருவாள். ஒரகடம் பக்கத்தில் ரேடியோ உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் டிரெயினிங். அவள் கணவனுக்கு அப்போது வேலை இல்லை. வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் நேரே கவுண்டருக்கு வந்து, முன்னால் இருக்கிற லேடீஸ் பெட்டி பிளாட்பாரத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது, கருங்கல் ஜல்லியில் குதித்து இறங்க வேண்டியிருக்கிறது என்றாள். என் கவுண்டர் சாலையைப் பார்த்தது. ரயில் எனக்கு வெறும் சத்தம்தான். "வேறு பெட்டியில் ஏறி வாம்மா" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கூட்டத்தில் ஆண்களுக்கே மூச்சு முட்டுகிறதாம். சொல்லிக்கொண்டே அவள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றாள். அப்போதுதான் கவனித்தேன், ஐந்தாறு மாத வயிறு. இந்த வயிற்றோடு தினமும் ஜல்லியில் குதிக்கிறாள் என்றதும் எனக்குப் பகீரென்றது. மெதுவாக இறங்கியதில் ஒரு நாள் வேன் போய்விட்டதாம். டிரெயினிங் முடிவதற்குள் மூன்று முறை லேட்டானால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். மேலிடத்துக்குச் சொல்கிறேன், அதுவரை பத்திரம் என்று இழுத்தேன்.

"பிளாட்பாரத்த நீட்டுங்க, இல்லன்னா வண்டிய குறுக்குங்க சார். இப்போதிக்கு என் வயிறு மட்டும்தான் நாளுக்கு நாள் பெருசாயிகினு வருது" என்றாள்.

தூக்கமும் ஹாரனும்

நைட் ஷிப்ட் முடித்து ஊருக்குத் திரும்பும் ஒருவர், ரயிலின் சத்தத்தைப் பற்றிப் புகார் கொண்டுவந்தார். கேட்டுக்குக் கேட்டு ஹாரன் அடிக்கிறார்களாம். கண் அசந்தால் போதுமாம், காதுக்குள்ளேயே ஊதுகிறார்களாம். ரயில்வே கேட்டில் ஹாரன் அடிக்காவிட்டால் மாடும் மனிதனும் அடிபடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. மறுநாள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு ஏறினார்.

அதற்கடுத்த நாள் கோபத்தோடு வந்தார். தாம்பரத்தில் இறங்க வேண்டியவர் பீச் ஸ்டேஷன் வரை தூங்கிக்கொண்டே போய்விட்டாராம். போர்ட்டர் உலுக்கித்தான் எழுப்பினாராம். பஞ்சு வைத்துக்கொண்டது அவர், கேள்வி என்னிடம்.

"ஹாரன் அடிச்சா தூக்கம் பூடுது, அடிக்கலன்னா ஸ்டேஷன் பூடுது. இதுக்கு இன்னா பண்ணலாம்னு நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

கவுண்டரில் வைக்கப்பட்ட மின்விசிறி

ஒரு சாயங்காலம் டிக்கெட் கேட்டு நீளும் கைக்குப் பதிலாக ஓட்டைக்கு வெளியே கனமாக எதுவோ டொம்மென்று இறங்கியது. எட்டிப் பார்த்தால் ஒரு மின்விசிறி. ரயில் பெட்டிக் கூரையில் இருக்குமே, கம்பிக் கூண்டோடு, அதேதான். கொண்டுவந்தவர் ஏழுமலை, மண்ணூர்ப் பக்கக் கம்பெனியில் பிட்டர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரயில்வே சொத்தைக் கழற்றுவது ஜெயிலுக்குப் போகிற குற்றம். யாராவது பார்த்தால் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

ஏழுமலை பதறவே இல்லை. தினமும் அவர் தலைக்கு மேலே அது கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டே வந்ததாம். எத்தனை நாள்தான் பொறுப்பார்? அன்று காலை ஸ்பேனரோடு வந்து, ஓடும் வண்டியிலேயே கழற்றி, கம்பெனிக்கு எடுத்துப் போய், சாப்பாட்டு நேரத்தில் பேரிங்கைச் சுத்தம் செய்து, ஒரு கோட் பெயின்டும் அடித்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் பாராட்ட வேண்டும். ஆனால் நான் யாராவது வருகிறார்களா என்று ஓட்டை வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேல சுத்தமா பண்ணிக்கீறேன் சார், இனிமே சத்தமே வராது. ஆனா காலைல எந்த வண்டியில கயட்டினேன்னுதான் தெரில, கொஞ்சம் பாத்து சொல்லுங்க" என்றார்.

உள்ளே போனவர் வெளியே வரவில்லை

மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது என்பது நமக்குத் தெரியும். வேலை தேடித் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து வந்த ஒரு இளைஞருக்கு எப்படித் தெரியும்? எழும்பூர் வரை வந்த வண்டியில் இருந்ததே, இதில் எங்கே என்று தேடியிருக்கிறார். கடைசிப் பெட்டியின் கோடியில் ஒரு சின்னக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள் நடமாடும் சத்தம் வேறு. வரட்டும் என்று மரியாதையாக வெளியே நின்றிருக்கிறார். அவர் நிற்பதைப் பார்த்து இன்னும் சிலர் பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தவர் வண்டிக்குக் கொடி காட்டும் எங்கள் கார்டு. வண்டி நம் ஸ்டேஷனுக்கு வந்ததும் இளைஞர் இறங்கி என்னிடம் ஓடி வந்தார். தன் அவஸ்தையைச் சொல்லிச் சண்டை பிடிக்கப் போகிறார் என்று நான் தயாராக இருந்தேன். வியர்த்து வழிந்த அந்த முகத்தில் கோபமே இல்லை, கவலைதான் இருந்தது.

"உள்ள இருக்கவரு தாம்பரத்துல போனவரு சார், இன்னும் வெளிய வரல. மேலுக்கு எதும் சரியில்ல போல, யாராவது போயி ஒரு எட்டு பாருங்க" என்றார்.

மரப்பெட்டி

ஸ்டெல்லாவின் புகாரை நான் மறக்கவில்லை. ஆனால் மேலே சொன்னதற்கு ஒரு பதிலும் வரவில்லை. அவளும் பிறகு புகார் சொல்ல வரவில்லை. என்ன ஆயிற்று என்று ஒரு காலை கவுண்டரைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டுப் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போனேன். வண்டி வந்தது. லேடீஸ் பெட்டி முழுசாகப் பிளாட்பாரத்தைத் தாண்டி நின்றது. அடுத்த பெட்டியில் இருந்து ஏழுமலை குதித்தார். புதரில் இருந்து கம்பெனிப் பேக்கிங் பெட்டி ஒன்றை இழுத்துவந்து வாசலுக்கு நேரே போட்டார். பெண்கள் அதில் கால்வைத்து ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் ஸ்டெல்லா இறங்கினாள். ஏழுமலை பெட்டியைத் திரும்பப் புதருக்குள் தள்ளிவிட்டு வேனுக்கு ஓடினார்.

தண்டவாளத்துக்கு அருகே மரப்பெட்டி! வண்டி கிளம்பும்போது சக்கரத்தில் சிக்கினால்? நான் பார்த்ததை ஸ்டேஷன் மாஸ்டரும் பார்த்துவிட்டார். ரூல் புத்தகத்தை மனப்பாடம் செய்த மனிதர். அன்றே பெட்டியைப் பறிமுதல் செய்து அறையில் பூட்டிவிட்டார். தப்பென்று சொல்ல முடியுமா? முடியாது.

மறுநாள் காலை ஸ்டெல்லா வண்டி வாசலில் நின்று கீழே பார்த்திருக்கிறாள். ஏழுமலை ஓடி வந்து கை நீட்டினார். அவள் கம்பியை விடவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. செங்கல்பட்டு வரை போய், எதிர் வண்டி பிடித்துத் திரும்பி, எப்படியோ கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். கேட்டிலேயே நிறுத்தி, இது இரண்டாவது முறை, இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சொல்லி அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதியம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"வண்டி ஷெட்யூல்படி நின்னிருக்கு. ரூல்படி அந்தம்மா எறங்கியிருக்கணும்."

புற்றும் பலகையும்

அன்று மதியமே அடுத்த வண்டிக்காகப் பிளாட்பாரத்தைத் தாண்டி ஜல்லியில் போய் நின்றேன். வண்டி நின்ற அந்தச் சில நொடிக்குள் டிரைவரிடம் கத்தினேன்: பிளாட்பாரத்தைத் தாண்டி ஏன் நிறுத்துகிறீர்கள்? அவர் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். "நான் பிளாட்பாரத்தையா பார்க்கிறேன்? பலகையைப் பார்த்துத்தான் நிறுத்துவேன்" என்று விரலால் காட்டிவிட்டுக் கிளம்பிப் போனார்.

டிரைவர் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காட்ட ஒரு பலகை நட்டிருப்பார்கள். அது பிளாட்பாரத்தின் முனையில் இருக்க வேண்டியது. இருந்ததோ ஒரு பெட்டி நீளம் தள்ளி, ஜல்லிக்கு அப்பால். முனையில் பார்த்தால் பெரிய கரையான் புற்று ஒன்று, மஞ்சளும் குங்குமமுமாக, பக்கத்தில் முட்டை ஓடுகள். நேரே, தண்டவாளப் பக்கத்து வேலைகளைப் பார்க்கும் பாயின்ட்ஸ்மேன் முனுசாமியைப் பிடித்தேன்.

ஒளிக்கவே இல்லை அவர். பலகையின் காலைச் சுற்றிப் புற்று வளர்ந்துவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பெரிய அதிகாரி இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார், பலகையைச் சுத்தம் செய்து நேராக நிறுத்து என்று ஸ்டேஷன் மாஸ்டர் உத்தரவு. இவரும் பலகையை அலுங்காமல் பிடுங்கி, பெயின்ட் அடித்து, புற்றை விட்டு மரியாதையான தூரத்தில் நட்டுவிட்டார். அதிகாரி வந்து பலகை பளிச்சென்று இருக்கிறதே என்று மெச்சிவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து மூன்று மாதமாக, தெற்கே போன எல்லா ரயில்களும் அந்தப் புற்றுக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றிருக்கின்றன. டிரைவர் பலகையைப் பார்த்தார், கார்டு கொடியைப் பார்த்தார், மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், நான் சாலையைப் பார்த்தேன்.

"புத்த இடிச்சா குடும்பத்துக்கு ஆவுமா சார்? பலகதானே, எங்க நட்டா இன்னா? டிரைவருக்குக் கண்ணு தெரியுதில்ல?" என்றார் முனுசாமி.

இறங்கினாள்

விஷயத்தைக் கேட்ட ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் வெளிறிவிட்டது. புற்றைத் தொடாமல், அதற்குப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் பலகையைக் கட்டச் சொன்னார். முனுசாமி இருட்டுவதற்குள் கட்டி முடித்தார். ஸ்டெல்லா அதற்குள் ஊருக்குப் போய்விட்டாள், ஓடிப் போய்ச் சொல்ல வழியில்லை. நாளைக் காலை அவள் பயந்து வராமலே இருந்துவிட்டால் வேலை போய்விடும். அந்தக் கவலையில் சாப்பாடே இறங்கவில்லை.

வந்தாள். வண்டி வரும்போது நான் பிளாட்பாரத்தில்தான் நின்றிருந்தேன். கவுண்டரில் கூச்சல் கிளம்பியது, கிளம்பட்டும் என்று விட்டுவிட்டேன். ரயில் மெதுவாகி, புற்றை ஒட்டினாற்போல நின்றது. லேடீஸ் பெட்டியின் வாசல் பிளாட்பாரத்துக்கு நேராக இருந்தது. ஸ்டெல்லா இறங்கத் தயாராகக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பார்த்தாள். காலடியில் சிமென்ட் தரை. நம்பாமல் இன்னொரு முறை பார்த்துவிட்டு, வயிற்றில் ஒரு கை வைத்துக்கொண்டு, சாதாரணமாக ஒரு அடி எடுத்து வைத்தாள். ஏழுமலை கை தட்டினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்ல என்ன வெட்கம்? பலகையின் கதையை அவசர அவசரமாகச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வேன் ஹாரன் அடித்தது. போகிற போக்கில் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"மூணு மாசமா ஆளாளுக்கு என் வயித்த பாத்து பத்திரம் பத்திரம்னு சொன்னீங்களே சார், ஒருத்தராவது தலய தூக்கி அந்தப் பலகைய பாத்திருக்கக் கூடாதா?"

ரயிலில் சீட் உறுத்தும், விசிறி கத்தும், கழிப்பறை இருக்காது என்பதையெல்லாம் நான் எப்போதோ பொறுத்துக்கொண்டுவிட்டேன். அவரவர் வேலையை எல்லோரும் ஒழுங்காகப் பார்க்கும் ஸ்டேஷன் என்று யாராவது சொன்னால்தான் இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்குகிறது.