நூல் கடையில் ஒரு சைபர்

எனக்குப் பொறுமை கிடையாது. எண்பதுகளின் நடுவில், சூரமங்கலத்துத் தறி நூல் கடையில் கம்ப்யூட்டர் வாங்கி என்னை அதன் முன்னால் உட்கார வைத்தபோது அது இன்னும் மோசமானது. தை பிறப்பதற்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லிவிடுவேன் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

குடோனைப் பார்த்துக்கொண்ட பெரியவர் தினமும் இருப்பைக் கம்ப்யூட்டரிலேயே டைப் அடித்துத் தருவார். ரகம், பேல் என்கிற மூட்டைக் கணக்கு, தேதி, நடுவில் காற்புள்ளி. ரகத்துக்கு ஒரு வரி. மிஷினுக்கு அதெல்லாம் வெறும் எழுத்து. பாஸ்கல் மொழியில் நான் எழுதிய புரோகிராம் வரியை வெட்டி, பேலை எண்ணாக்கி, தேதியைத் தேதியாக்கி, ஒரே ரெக்கார்டாகக் கட்டவேண்டும். கட்டிவிட்டால் கூட்டலாம், தேடலாம்.

சனியன், பாதியிலேயே நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி அதே வரி. நாற்பதாம் நம்பர் நூல். பேல் எண்ணிக்கை இருக்கவேண்டிய இடத்தில் பெரியவர் ஆங்கில எழுத்தில் ‘நிறைவு’ என்று அடித்திருந்தார்.

“ஏனுங்க, இங்க நம்பர்தானுங்க வேணும்!”

“நூல் தீந்து போச்சு சாமி.”

“அப்பச் சைபர் போடுங்க.”

“கடையில சைபரா? அரிசி தீந்தா உங்க ஊட்ல இல்லைன்னா சொல்லுவாங்க? நிறைஞ்சிருக்குன்னுதான சொல்லுவாங்க!”

வாதாட எனக்கு ஏது நேரம்? ‘நிறைவு’ வந்தால் சைபர் என்று எடுத்துக்கொள்ளும்படி புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். அப்பாடா, ஓடியது!

முதலாளி வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாம்பிராணி போட்டு, “ஓட்டும்மா” என்றார். ரகங்கள் திரையில் வரிசையாக வந்தன. நாற்பதாம் நம்பருக்கு நேராகப் பச்சையாய் ஒரு சைபர். முதலாளிக்கு முகம் செத்துவிட்டது.

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் கடையில சைபர் காட்டுது! வித்தவங்களை வந்து இதைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க.”

“உள்ளதானுங்க சைபர், வெளிய நிறைவுன்னே காட்ட வெச்சுப்போடறனுங்க. செத்த நேரம் குடுங்க” என்று கெஞ்சினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மிஷின் இல்லாத கடையில் எனக்கென்ன வேலை?

பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “ஏஞ்சாமி, வேலை என்னாச்சு?”

“நிறைஞ்சிருக்கும்மா” என்றேன்.

அம்மாவுக்கு அது போதும். மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பச் சொல்ல அப்பாவிடம் போனாள்.